மணிமேகலையில் ஊரலரும் வேற்றுருவும்

தமிழ்க் காப்பியங்களுள் மணிமேகலை பெற்றுள்ள மதிப்பு விந்தையானது. அதனைப் போற்றுவோர் பெரும்பாலும் அதன் அறத்தையே போற்றுவர். அமுதசுரபியால் பசிப்பிணி தீர்ந்ததையும், சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆனதையும் எடுத்துக் காட்டுவர். ஆயின், காப்பியச் சுவை என்ற அளவில் அதனைச் சிலப்பதிகாரத்திற்குப் பின்னே, சற்றுத் தொலைவில் நிறுத்துவர். அதற்குக் காரணமாகக் கூறப்படுவன இரண்டு. கதையினிடையே தெய்வமும் மந்திரமும் மிகுதியும் வந்து புகுதல் ஒன்று. இறுதிக் காதைகள் சமய அளவை நூலாக மாறிவிடுதல் மற்றொன்று. உ. வே. சாமிநாதையர் 1898-இல் இந்நூலை ஆராய்ந்து பதிப்பித்த பின்னர், இதனைப் பயின்றோர் பலரும் இவ்விரு குறைகளையும் ஏதோ ஒரு வகையில் சொல்லியே வந்துள்ளனர்.

இவற்றுள் முதலாவதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு அளித்த மந்திரங்கள் மூன்று. வேற்றுருக் கொள்ளுதல், வான்வழிச் செல்லுதல், பசி நீங்கியிருத்தல் என்பன அவற்றின் பயன். இவற்றுள் வான்வழிச் செலவு கதையை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு நகர்த்துதற்கு உதவுகின்றது. பசி நீக்கும் மந்திரம் அரசியின் கொடுமையினின்று அவளைக் காக்கின்றது. வேற்றுருக் கொள்ளுதல் எதற்கு உதவுகின்றது? கேட்போர்க்கு வியப்பூட்டுதற்கு எனின், அது பழங்கதை மரபின் எச்சமே ஆகும். குறை கூறுவோர் கூற்றும் பொருந்திவிடும். அங்ஙனமன்று என்பது எம் கருத்து. தோற்றங் கண்டு மக்களை அளக்கும் ஊரின் வழக்கத்தையும், அவ்வளவுகோலைத் தம்மேல் தாமே வைத்துக்கொள்ளும் மாந்தரின் துயரத்தையும் சாத்தனார் நூல் முழுதும் ஆராய்கின்றார். அவ்வாராய்ச்சிக்கு அவர் கொண்ட கருவியே வேற்றுரு. இதனை நூலின் அகச்சான்றுகளால் நிறுவ முயல்வோம்.

அலர் என்னும் அளவுகோல்

காப்பியத்தின் இரண்டாம் காதை ‘ஊரலர் உரைத்த காதை’ என்னும் பெயருடையது. அலர் என்பது அகப்பொருள் மரபிற்கு உரிய சொல். தலைவன் தலைவியரின் களவொழுக்கம் ஊரார்க்குப் புலனாகி, அம்பலாய் முகிழ்த்து அலராய் மலரும் என்பது இலக்கண மரபு. தொல்காப்பியம் களவியலில் இதனைச் சுட்டுகின்றது. திருவள்ளுவர் ‘அலரறிவுறுத்தல்’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அம்மரபில் அலர் கொடியதாயினும் பயனுடையது. ஊரார் வாய்ச்சொல் காதலை வளர்க்கும். களவைக் கற்பு நோக்கித் தள்ளும். வரைவு கடாதற்கு வாயிலாகும்.

சாத்தனார் இச்சொல்லை எடுத்துக்கொண்டு அதன் திசையை மாற்றிவிடுகின்றார். புகாரில் இந்திர விழா அறிவிக்கப்படுகின்றது. விழாவிற்கு மாதவியும் மணிமேகலையும் வரவில்லை. சித்திராபதி வருந்தி, ஊரார் கூறும் அலரை உரைத்து வருமாறு வயந்தமாலையை மாதவியிடம் விடுக்கின்றாள். வயந்தமாலை கூறும் அலர் யாது? மாதவி யாரையோ கரவாகக் காதலித்தாள் என்பதன்று. காதலை விட்டாள் என்பதே. ஆடலும் பாடலும் யாழும் ஓவியமும் காலக்கணிதமும் என அவள் கற்ற கலைகள் வரிசையாக எண்ணப்படுகின்றன. கோலம் கொள்ளுதலும் அவற்றுள் ஒன்று. இத்தனையும் கற்ற நாடகமடந்தை நோன்பு பூண்டது நாணத்தக்கது என்பது ஊரின் தீர்ப்பு. நாணம் என்னும் சொல் ஈண்டு எத்துணை தலைகீழாகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். பரத்தைமை பூண்டு ஒழுகின் நாணில்லை; அதனைத் துறப்பின் நாணுண்டு. ஒருவர் எந்நிலையில் நிற்றல் வேண்டுமென்று ஊர் வகுத்துள்ளதோ, அந்நிலையினின்று பெயர்தலே ஊர்க்குப் பழியாகத் தோன்றுகின்றது.

மூன்றாம் காதையில் இவ்வலர் தெருவுக்கு வருகின்றது. மலர் கொய்யச் சென்ற மணிமேகலையை ஊரார் சூழ்ந்துகொள்கின்றனர். அத்தெருவில் கள்ளுண்டான் ஒருவன் சமணத் துறவியை மறித்துப் பேசுகின்றான், பித்தன் ஒருவன் அழுதும் ஆடியும் திரிகின்றான், பேடிக்கூத்து நிகழ்கின்றது. இவற்றைச் சூழ்ந்து நின்று காணும் கூட்டத்தைப் போன்றதொரு கூட்டமே மணிமேகலையையும் சூழ்ந்து காண்கின்றது. அக்கூட்டம் அவளைப் பழிக்கவில்லை. அவள்பால் இரக்கமே கொள்கின்றது. இத்தகைய அழகினளைத் தவத்தில் நிறுத்திய தாய் கொடியவள் எனத் தாயைப் பழிக்கின்றது. வயந்தமாலை கொணர்ந்த அலர் பகையாக வந்தது. தெருவின் அலர் பரிவாக வருகின்றது. இரண்டிற்கும் அளவுகோல் ஒன்றே. அழகிய மேனிக்குத் தவம் தகாது என்பதே அது. பகையினும் பரிவு தாங்குதற்கு அரியது. பகையை மறுத்துரைக்கலாம், பரிவோடு தவறாக அளப்பவர்க்கு யாது விடை கூறுவது?

பளிக்கறையும் நெஞ்சமும்

உவவனத்தில் உள்ள பளிக்கறை இவ்வினாவிற்கு ஒரு காட்சி வடிவம். அவ்வறை உள்ளிருப்போரின் மேனியைப் புறத்தே காட்டும். அவர்தம் குரலைப் புறத்தே விடாது. உதயகுமரன் வருகின்றான் என அறிந்த சுதமதி, மணிமேகலையை அவ்வறையினுள் புகுத்துகின்றாள். அரசிளங்குமரன் அவள் உருவைக் காண்கின்றான். வாயில் அறியாது சுவரைத் தடவி நிற்கின்றான். இந்நிகழ்ச்சியை உரையாசிரியர்கள் அழகிய கற்பனையென்று பாராட்டுவதோடு அமைவர். எமக்கோ இது ஊர்க்கும் மணிமேகலைக்கும் இடையேயுள்ள உறவின் சுருக்கமாகவே தோன்றுகின்றது. ஊர் அவளைக் காண்கின்றது. அவள் சொல் ஊரின் செவிக்கு எட்டவில்லை.

இதுவரை கண்டது பிறர் மதிப்பு. உதயகுமரன் மீண்ட பின்னர் மணிமேகலை சுதமதியிடம் கூறும் மொழி தன்மதிப்பைப் பற்றியது. கற்பில்லாதவள், தவவுணர்வில்லாதவள், குலக்காவல் இல்லாதவள், விலைக்குரியவள் என்றெல்லாம் அவன் தன்னை இகழ்ந்தான் என்பதை அவள் உணர்ந்திருக்கின்றாள். உணர்ந்தும், அவ்வயலானைத் தொடர்ந்து தன் நெஞ்சம் போயிற்று என்று ஒளியாது உரைக்கின்றாள். காமத்தின் இயல்பு இதுதானோ என வினவுகின்றாள். தமிழ்க் காப்பியத் தலைவியர் கூற்றுக்களுள் இதனை ஒத்த நேர்மையுடையது அரிது. பிறர் தன்னை இழித்து அளந்ததையும், அவ்வாறு அளந்தவன்பாலேயே தன் மனம் சாய்ந்ததையும் அவள் ஒருசேரக் காண்கின்றாள். தன்னைக் குற்றவாளியாக்கி அழவுமில்லை; குற்றமில்லையென மறைக்கவுமில்லை. பின்னர் மணிபல்லவத்தில் பழம்பிறப்புணர்ச்சி வழியாக இச்சாய்வுக்குக் காரணம் கூறப்படுகின்றது. அக்காரணம் சமயத்திற்கு உரியது. ஆயின், காரணம் அறிதற்கு முன்னரே அவள் தன் நெஞ்சைத் தானே கண்டு சொல்லிவிட்டாள் என்பது காப்பியத்திற்கு உரியது.

மருதியும் விசாகையும்

தன்னைத் தானே அளத்தல் எல்லோர்க்கும் இத்துணைத் தெளிவாக அமைவதில்லை என்பதைச் சாத்தனார் கிளைக்கதைகள் சிலவற்றால் காட்டுகின்றார். இருபத்திரண்டாம் காதையில் முனிவர்கள் அரசனுக்கு உரைக்கும் மருதி, விசாகை ஆகியோரின் வரலாறுகள் மையக்கதையோடு தொடர்பு குன்றியவை எனக் கருதப்படுவன. எம் ஆராய்ச்சிக்கோ அவை இன்றியமையாதன.

மருதி பார்ப்பனி. காவிரியில் நீராடி மீள்பவளைக் காவலன் மகன் கண்டு அழைக்கின்றான். அவள் செய்தது ஏதுமில்லை. எனினும், பிறன் நெஞ்சில் தான் புகுந்துவிட்டமையால் தன் பத்தினித்தன்மை குன்றியது என அவள் துணிகின்றாள்; சதுக்கப் பூதத்திடம் சென்று, தன்னைத் தண்டியாதது ஏன் எனக் கேட்டு அழுகின்றாள். பிறன் கண் செய்த குற்றத்தைத் தன் குற்றமாக எண்ணுதலினும் கொடிய தன்மதிப்பீடு உண்டோ? ஊரில் ஒருவரும் அவளைப் பழிக்கவில்லை. ஊர் கூறியிருக்கக் கூடியதை அவள் உள்ளமே கூறிவிட்டது. அலர் அகத்தே குடிபுகுந்த நிலை இது. பூதம் அவள்மேல் பெரும்பிழை காணவில்லை. பொய்க்கதையும் விழாவும் விரும்பிய சிறு வழுவையே சுட்டுகின்றது.

ஆதிரையின் நிலையும் ஏறக்குறைய இதுவே. கணவன் சாதுவன் கடலில் மாண்டான் எனக் கேட்டு அவள் தீப்புகுகின்றாள். தீ அவளைச் சுடவில்லை. ஊர் இதனைக் கற்பின் ஆற்றல் என்னும். அவளோ, தீயும் கொல்லாத தீவினையாட்டியாயினேனே எனத் தன்னையே நொந்துகொள்கின்றாள். ஒரே நிகழ்ச்சி காண்போர்க்குப் புகழாகவும், உற்றவட்குப் பழியாகவும் தோன்றுகின்றது.

விசாகையின் வரலாறு இவை எல்லாவற்றினும் ஆழமானது. தருமதத்தனும் விசாகையும் மாமன் மக்களாய்ப் பிறந்து உடன் பழகியவர்கள். இருவரும் மறைவில் மணந்தனர் என ஊர் அலர் தூற்றுகின்றது. விசாகை உலக அறவியில் உள்ள பாவையை வேண்டுகின்றாள். அப்பாவை அவள் மாசற்றவள் என ஊரறிய உரைக்கின்றது. அகப்பொருள் மரபாயின் கதை இத்துடன் மணத்தில் முடிந்திருக்கும். இங்கு நிகழ்வது வேறு. தெய்வமே சான்று கூறிய பின்னரும், இப்பிறப்பில் அவனை மணப்பதில்லை என விசாகை உறுதிகொண்டு கன்னிமாடம் புகுகின்றாள். தருமதத்தனும் மதுரை சென்று வாணிகத்தால் பொருளீட்டி, மணவாது வாழ்ந்து, அறுபது யாண்டு எய்திய பின் மீள்கின்றான். நரை கலந்த காலத்தில் இருவரும் சந்தித்து, ஈட்டிய செல்வத்தை அறத்திற்கு ஆக்குகின்றனர்.

இதனைத் துறவறத்தின் வெற்றியெனக் கொண்டாடுவர். கொண்டாடுதற்கு இடமுண்டு; நூலும் அவ்வாறே கொண்டாடுகின்றது. ஆயினும் கதை கூறும் உண்மை மற்றொன்றும் உளது. தெய்வத்தின் சொல் பழியை நீக்கிற்று. பழிக்கு அஞ்சும் அச்சத்தை நீக்கவில்லை. மணந்தால் அலர் மெய்யென்று ஆகிவிடும். ஆதலின், பொய்யான ஓர் அலரைப் பொய்யென்று நிறுவுதற்கு இருவர் வாழ்நாள் செலவாயிற்று. சங்கத் தலைவியை மணத்திற்கு விரைவித்த அலர், விசாகையை மணத்தினின்று விலக்கிவிட்டது. ஒரே சொல் இரு காலங்களில் ஆற்றிய இரு வினைகளை ஒப்பிட்டு ஆராய்தல் தமிழ் மாணவர்க்குப் பெரிதும் பயன் தரும்.

வேற்றுரு மூன்று

இப்பின்னணியில் வேற்றுருவை நோக்குவோம். மணிமேகலை மும்முறை வேற்றுருக் கொள்கின்றாள். உலக அறவியில் காயசண்டிகை வடிவு. அரசியின் காவலில் ஆண் வடிவு. வஞ்சியில் மாதவன் வடிவு. இம்மூன்றனுள் ஒன்றேனும் அவள் விளையாட்டாகவோ, ஆற்றலைக் காட்டுதற்காகவோ கொண்டதன்று. ஒவ்வொன்றும் அவள் தோற்றத்தைக் கண்டு பிறர் கொண்ட மதிப்பிற்கு எதிராகக் கொண்டதே.

இம்மந்திரத்தை அளிக்கும்பொழுது தெய்வம் கூறும் காரணமே இதற்குத் தலையாய சான்று. சமயவாதிகளிடம் சென்று மெய்ப்பொருள் கேட்க விழையின், இளம்பெண் என்று கருதி ஒருவரும் உண்மையை உரையார். ஆதலின் வேற்றுருக் கொள்க என்பது தெய்வத்தின் அறிவுரை. அறிவு தேடும் ஒருத்திக்கு அறிவு மறுக்கப்படுவது அறிவின்மையால் அன்று. இளமையாலும் பெண்மையாலும் என்பதனைத் தெய்வமே ஒப்புக்கொள்கின்றது. உலகைத் திருத்தும் ஆற்றல் தெய்வத்திற்கும் இல்லைபோலும்; உருவை மாற்றும் மந்திரத்தையே அது கொடுக்கின்றது.

முதல் வேற்றுரு துயரில் முடிகின்றது. சித்திராபதியின் தூண்டுதலால் உதயகுமரன் உலக அறவிக்கு வருகின்றான். மணிமேகலை சம்பாபதி கோயிலுட் புகுந்து காயசண்டிகை வடிவொடு வெளிப்படுகின்றாள். யானைத்தீ நோய் நீங்கிய காயசண்டிகை முன்னரே தன்னூர் நோக்கிச் சென்றுவிட்டாள். அவள் கணவன் காஞ்சனன் என்னும் விஞ்சையன் பன்னீராண்டு கழிந்தபின் அவளைத் தேடி வருகின்றான். அவ்வடிவினைத் தன் மனைவி என்றே கொள்கின்றான். மணிமேகலையோ உதயகுமரனை நோக்கி, அங்கிருந்த நரைமூதாட்டி ஒருத்தியைக் காட்டி, அழகு அழியுமாற்றை உறுப்புத்தோறும் எடுத்துரைக்கின்றாள். தோற்றம் நிலையாது என்னும் பாடம் அது. அப்பாடத்தையே மறைந்து நின்ற காஞ்சனன் காதற்பேச்சாகக் கொள்கின்றான். நள்ளிரவில் வந்த உதயகுமரனை வாளால் எறிகின்றான். பின்னர்த்தான், தன் மனைவி விந்தமலையைக் கடக்கையில் முன்னரே மாண்டாள் என்பதைக் கந்திற்பாவை வாயிலாக அறிகின்றான்.

இந்நிகழ்ச்சியின் முரணைச் சாத்தனார் எவ்வாறு அமைத்துள்ளார் என்பது நோக்கத்தக்கது. தோற்றத்தை நம்பற்க எனக் கூறுபவள் இரவல் தோற்றத்தில் நின்று கூறுகின்றாள். கேட்பவன் சொல்லைக் கேளாது தோற்றத்தையே நோக்குகின்றான். மறைந்து காண்பவன் இருவரையும் தோற்றத்தாலேயே அளந்து கொலைபுரிகின்றான். மூவருள் ஒருவரும் மற்றவர் உள்ளத்தை அறியவில்லை. பளிக்கறையில் அழகாகத் தோன்றிய அதே நிலை, இங்குக் குருதியில் முடிகின்றது. வேற்றுரு ஒரு கேடயம் என எண்ணி அவள் ஏந்தினாள். அக்கேடயமே கொலைக்கு வாயிலாயிற்று. காயசண்டிகை வடிவைத் தான் கொண்டமையே அவன் சாவுக்கு ஏதுவாயிற்று என அவள் புலம்புமிடத்து, அற்புதம் என்னும் சொல்லுக்கு இடமேயில்லை. வேற்றுருவை வெறும் வியப்பெனக் கருதும் ஆசிரியர் அதற்கு இத்துணைப் பெரிய விலையை வைத்திருக்க மாட்டார்.

இரண்டாம் வேற்றுரு சுருக்கமானது. மகனை இழந்த அரசி, மணிமேகலையின் நிறையைக் குலைக்கக் கல்லா இளைஞன் ஒருவனை ஏவுகின்றாள். அவன் வந்தபொழுது அவள் ஆண் வடிவொடு நிற்கின்றாள். அவன் அஞ்சி ஓடிவிடுகின்றான். பெண் வடிவுக்கு நேரும் தீங்கு ஆண் வடிவுக்கு நேராது என்னும் உலகியல்பை இதனினும் சுருங்கச் சொல்லுதல் இயலாது.

மூன்றாவது, தெய்வம் முன்னரே கூறிய காரணத்திற்காகக் கொண்டது. வஞ்சியில் மாதவன் வடிவில் சென்று சமயவாதிகள் பலரையும் வினவுகின்றாள். அவர்கள் தயங்காது தத்தம் கொள்கைகளை விரித்துரைக்கின்றனர். வினா அதுவே, வினவுபவளும் அவளே, வடிவே வேறு. மெய்ப்பொருள் உரைப்பதாகக் கூறும் ஒருவரேனும் தம் எதிரே நிற்பவர் யாவர் என்னும் மெய்யை அறியவில்லை. இவ்வங்கதத்தைச் சாத்தனார் உரத்துக் கூறவில்லை, உணர்ந்துகொள்ளுமாறு விட்டுவிடுகின்றார்.

காட்சியும் கருத்தும்

சமயக்கணக்கர் காதையில் இறுதியாகப் பேசுபவன் பூதவாதி. கண்ணாற் கண்டதே அளவை, கருதலளவை பயனற்றது என்பது அவன் கொள்கை. அவன் உரையைக் கேட்ட மணிமேகலை உள்ளத்தே நகுகின்றாள். உன் தாய்தந்தையரை நீ கருதலளவையால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என வினவுகின்றாள். அளவை நூல் என்ற நிலையில் இது பழைய வாதமே. ஆயின் காப்பியம் என்ற நிலையில், இவ்வினாவைக் கேட்பவள் யார் என்பதை நினைத்தல் வேண்டும். கண்ட அளவிற்றாகவே உலகத்தாரால் அளக்கப்பட்டு அல்லலுற்றவள், கண்டதே மெய் என்பவனிடம், கண்டறியாத மாதவன் வடிவில் நின்று வினவுகின்றாள். இருபத்தேழாம் காதை கதைக்குப் புறம்பானது என்போர் இதனை மீண்டும் ஒருமுறை படித்தல் நலம்.

இருபத்தொன்பதாம் காதையில், கச்சியில் அறவண அடிகள்முன் நின்று அவள் கூறுவது இதனை முடித்து வைக்கின்றது. வஞ்சியில் தான் கேட்ட சமயங்கள், தான் அன்று கொண்ட வேற்றுருவைப் போன்றே செம்மையற்றன ஆதலின், அவற்றைச் சிந்தையில் வைத்திலேன் என்கின்றாள். பிறர் கொள்கைக்கு அவள் தேர்ந்துகொண்ட உவமை தன் பொய்வடிவே. வேற்றுருவால் பயன்கொண்டவளே அதனைப் பொய்யென்றும் அறிந்திருந்தாள். பயன்பட்டதாயினும் தன்னதன்று என ஒதுக்கும் இத்தெளிவே அவளைக் காப்பியத் தலைவியாக்குகின்றது.

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். சாத்தனார் புத்த சமயத்தைப் பரப்பவே நூல் செய்தார். தோற்றத்தை இகழ்தல் அச்சமயக் கொள்கை. இதில் சமுதாய ஆராய்ச்சி காண்பது நம் காலத்துக் கருத்தை ஏற்றுதலாகும் எனலாம். உடலழகின் நிலையாமை புத்தர்க்கேயன்றிப் பிறர்க்கும் பொதுவான கொள்கை. ஆயின், இளையள் என்றும் பெண் என்றும் கருதி அறிவு மறுக்கப்படும் என்பதும், பொய்யலர் இருவர் வாழ்வைத் தின்னும் என்பதும் நிலையாமைக் கொள்கையினின்று பிறப்பன அல்ல. ஊரை உற்று நோக்கியதனால் பிறப்பன. எனினும் இவ்வாராய்ச்சிக்கு ஓர் எல்லையுண்டு என்பதையும் கூறுதல் கடமை. மணிமேகலையின் மேனியழகைப் பாடுமிடத்து ஆசிரியரின் கண்ணும் தெருவிற் கூடிய கூட்டத்தின் கண்ணோடு சேர்ந்துகொள்கின்றது. மேலும், மந்திரம் பெற்றவள் தப்பினாள். மந்திரம் பெறாத விசாகை தன் வாழ்வையே ஈடுகொடுத்தாள். இவ்வேறுபாட்டிற்கு நூல் விடை கூறவில்லை. கூறாமை குறையே. ஆயினும் இரு கதைகளையும் ஒரே நூலுள் அமைத்து நம்மை ஒப்பிடத் தூண்டியவரும் அவரே.

கச்சியிற் கண்ட உரு

மணிமேகலை இறுதியாக அடையும் நகர் கச்சி. அந்நகர் அப்பொழுது வற்கடத்தால் வாடிக் கிடக்கின்றது. அவள் வருகையை இளங்கிள்ளி என்னும் அரசனுக்குக் கஞ்சுகன் அறிவிக்கின்றான். அவன் அவளைக் கோவலன் மகள் என்றும், நல்லொழுக்கம் பூண்டவள் என்றும், அமுதசுரபியொடு வந்தவள் என்றும் அறிமுகம் செய்கின்றான். புகாரில் அவளைக் குறித்தவர் பலரும் நாடகக் குலத்தையும் மேனியழகையும் முன்னிறுத்தினர். கச்சியில் தந்தை பெயரும் ஒழுக்கமும் செய்யும் தொண்டும் முன்னிற்கின்றன. அந்நகரில் அவள் வேற்றுருக் கொள்ளவில்லை. கொள்ள வேண்டிய தேவையும் நேரவில்லை. பசித்தோர் கூட்டம் அவள் கையைத்தான் நோக்கிற்று, முகத்தை நோக்கவில்லை. முப்பதாம் காதையில் அவள் தன் வடிவிலேயே நின்று நோன்பு பூணுவதும் இந்நகரிலேயே.

பிற்காலக் கச்சி

இவ்வாராய்ச்சிப் பொருள் பழங்காப்பியத்தோடு முடிந்ததன்று. முசரவாக்கம் முதலிய சிற்றூர்கள் சூழ்ந்த இன்றைய காஞ்சிபுரம் கோயில்களாலும் பட்டு நெசவாலும் பெயர்பெற்றது. கோலத்தையே நெய்து தரும் அந்நகரத்தோடு தொடர்புடைய இருபதாம் நூற்றாண்டு, இருபத்தோராம் நூற்றாண்டுப் படைப்புக்கள் இரண்டினைச் சுருக்கமாக ஒப்பிடுதல் தகும்.

காஞ்சிபுரத்தில் 1909-இல் பிறந்த அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’ நாடகம் 1949-இல் திரைப்படமாக வெளிவந்தது. கடன் கொடுத்த வேதாசல முதலியாரின் கொடுமையால் தந்தையை இழந்த ஆனந்தன், பரமானந்தன் என்னும் செல்வனாக வேடம் பூண்டு, அம்முதலியார்க்கே மருமகனாகின்றான். வறியவனாக வந்திருப்பின் வாயிலில் நிற்கவிடாதவர், செல்வனெனக் கருதி மகளைக் கொடுக்கின்றார். அவர் மகனோ வேலைக்காரி அமிர்தத்தைக் காதலிக்கின்றான். அதனை அவர் ஏற்கவில்லை. இந்நாடகத்திலும் வேற்றுரு காண்போரின் மதிப்பீட்டையே சோதிக்கின்றது. இவ்வகையில் அது மணிமேகலையின் வழிவந்ததெனலாம். வேறுபாடு ஒன்றுண்டு. ஆனந்தன் வேடத்தைப் பழிவாங்கும் படைக்கலமாகக் கொள்கின்றான், ஊரை அளக்கின்றான். மணிமேகலை ஊரோடு தன்னையும் அளக்கின்றாள்.

பிரியதர்சன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ 2007-ஆம் ஆண்டிற்குரிய சிறந்த திரைப்படத்திற்கான தேசிய விருதினைப் பெற்றது. வேங்கடம் என்னும் நெசவாளி, பிறந்த மகளுக்குப் பட்டுடுத்தி மணம் முடிப்பேன் என உறவினர் கேட்க வாக்களிக்கின்றான். பிறர் உடுத்தப் பட்டு நெய்யும் கைக்குத் தன் மகளை உடுத்தும் பொருள்வலி இல்லை. பட்டிழையைக் களவாடத் தொடங்குகின்றான். அவன் வாழ்வு சிதைகின்றது. அவனைப் பட்டு வாங்கி வருமாறு ஒருவரும் வருத்தவில்லை. பலர்முன் கூறிய சொல்லே அவனை வருத்துகின்றது. மருதியின் உள்ளத்தில் குடிபுகுந்த அதே அலர், பட்டிழை வடிவில் இந்நெசவாளியின் உள்ளத்தில் குடிபுகுந்தது எனலாம்.

முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. சங்க அகமரபில் மணத்திற்குத் துணையான அலர், மணிமேகலையில் மாந்தரைத் தத்தம் இடத்தில் கட்டிவைக்கும் கயிறாகின்றது. அவ்வலர் புறத்தே மாதவியையும், அகத்தே மருதியையும், புறமும் அகமும் ஒருங்கே விசாகையையும் வருத்துகின்றது. அதனை எதிர்கொள்ளுதற்கு மணிமேகலை மேற்கொண்ட மூன்று வேற்றுருவும் காண்போரின் பிழையையே வெளிப்படுத்துகின்றன. அவற்றுள் ஒன்று உயிர்ப்பலியில் முடிகின்றது. ஆதலின் ஆசிரியர் வேடத்தைத் தீர்வாகக் கருதினார் என்றலும் பொருந்தாது. செய்யும் தொண்டினால் மாந்தரை அளக்கும் ஊரில் வேடம் தேவையற்றதாகின்றது என்பதே கச்சிக் காதைகள் உணர்த்துவது.

இறுதியாக ஒன்று. மணிமேகலையைச் சமயக்கோலம் பூண்ட நூல் என அளந்து, அதன் காப்பியச் சிறப்பைக் காணாது ஒதுக்கியவர் பலர். அளவை வாதம், மந்திரம், தெய்வம் என்னும் புறக்கோலத்தைக் கண்ட அளவிலே தீர்ப்புக் கூறிய அவ்விமரிசகரும் ஒருவகையில் வஞ்சிநகர்ச் சமயக்கணக்கரை ஒத்தவரே. எதிரே நின்று வினவுபவர் யாவர் என அவர்களும் அறிந்திலர். நூல் கற்கும் மாணவர் அதன் உருவை நோக்குமுன் அதன் குரலுக்குச் செவிகொடுப்பாராயின், பளிக்கறைக்கும் வாயிலுண்டு என்பது தெளிவாகும்.